கீழே வைக்காத குடம்

நான் கோபக்காரி. இதை முதலே சொல்லிப்போட்டால், "உந்த மனுசி ஏன் உப்பிடிக் கதைக்குது" எண்டு வாசிக்கிற ஆக்கள் பிறகு யோசிக்கத் தேவையில்லை. கோபம் எனக்கு மூக்கு நுனியில குந்திக்கொண்டிருக்கும். இவருக்கு, அதாவது என்ர மனுசனுக்கு, கோபம் எங்க இருக்கு எண்டே தெரியாது. அந்த மனுசனிட்டை இருந்து ஒரு சொல்லு வாங்கிறது கல்லில நார் உரிக்கிற வேலை.

எங்கட ஊர் மன்னார்த் தீவுக்குள்ள இல்லை. பாலம் தாண்டி இஞ்சால, திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிற ஆக்கள் நாங்கள். சிவராத்திரியண்டு பாலாவித் தீர்த்தத்தில குடம் நிரப்பி, தூக்கிக்கொண்டு போய், எங்கட கையாலேயே மகாலிங்கத்துக்கு ஊத்துவம். அண்டைக்கு ஐயர் ஊத்த நாங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறேல்லை. ஆர் எவர் எண்டில்லை, எல்லாருக்கும் அந்த உரிமை இருக்கு. எங்கட வீட்டில அதுக்கு ஒரு கட்டுப்பாடும் இருக்கு. பாலாவியில நிரப்பின குடத்தை ஊத்துமட்டும் நிலத்தில வைக்கக் கூடாது. வைச்சால் அந்தத் தண்ணி நிலத்துக்குப் போயிட்டுது. அதைச் சுவாமிக்கு ஊத்தேலாது.

போன வருசம் நான் வைச்சனான்.

காலமை வெய்யில் ஏற முதலே ரெண்டுபேரும் நடந்தம். இவர் முன்னால, நான் பின்னால. என்ர இடுப்பிலயும் அவற்ற தோளிலயும் பித்தளைக் குடம். பாதி வழியில எனக்கு மூச்சு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கத் தொடங்கிச்சுது. விரதக் களைப்பாக்கும் எண்டு நினைச்சன். பிறகு கண்ணுக்கு முன்னால போற சனமெல்லாம் தண்ணிக்குள்ளால நடக்கிற மாதிரி ஆடிச்சுது. இன்னும் கொஞ்சம் நடந்தால் குடத்தோட விழுவன் எண்டு விளங்கிச்சுது. இறக்கி வைச்சன்.

பித்தளை நிலத்தில பட்ட சத்தம் இவருக்குக் கேட்டது. திரும்பினார். குடத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார். "இஞ்சேர், உந்த மரத்தடியில இரும். நான் ஊத்திப்போட்டு வாறன்" எண்டார். தன்ர குடத்தைக் கீழ வைக்கேல்லை. அதைத் தோளில நேராக்கிக்கொண்டு போயிட்டார்.

வேம்படியில இருந்தன். என்னைத் தாண்டிக் குடங்கள் போய்க்கொண்டிருந்தது. ஆரோ ஒரு பிள்ளைத்தாச்சி நிண்டு, "அம்மா, தனியவோ வந்தனீங்கள்?" எண்டு கேட்டாள். கோவில் பக்கம் கையைக் காட்டினன். திரும்பி வரேக்க இவர் ஈர வேட்டியோட ஓடித்தான் வந்தவர், அதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் அந்த ஓட்டம் எனக்குக் கணக்கில ஏறேல்லை. இத்தினை வருசம் சோறு போட்ட எனக்காக ஒரு குடத்தைக் கீழ வைக்க ஏலாமல் போச்சுது இந்த மனுசனுக்கு எண்டதுதான் நெஞ்சுக்குள்ள இறங்கிச்சுது.

பிறகு கால் வீங்கத் தொடங்கினது. செருப்புப் போடேலாமல் போச்சுது. வயிறு ஊதிச்சுது. நேராப் படுத்தால் ஆரோ நெஞ்சில ஏறி இருக்கிற மாதிரி மூச்சு நிக்கும். கட்டிலை விட்டுப்போட்டு, முன் விறாந்தையில சாய்மனைக் கதிரையில இருந்தபடி நித்திரை கொள்ளப் பழகினன். இவர் அலுமாரிக்குப் பக்கத்தில கிடந்த பழைய மரக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில போட்டார். அதில இருந்தபடி அவரும் நித்திரை. கட்டில் வெறுமையாக் கிடந்தது. மன்னார் ஆசுப்பத்திரியில நெஞ்சில பசை பூசி எக்கோ எடுத்த பிறகுதான் விசயம் தெரிஞ்சுது. இதயத்தில ரெண்டு வால்வு ஒழுகுதாம்.

தண்ணி வத்த மூத்திரக் குளிசை தந்தினம். உப்புச் சேர்க்கக் கூடாது எண்டினம். ஒரு நாளைக்கு ஒரு போத்தல் தண்ணிதான், தேத்தண்ணியும் அதுக்குள்ள அடக்கம். உப்பில்லாப் பண்டம் குப்பையில எண்டு சும்மாவோ சொன்னவை. நான் வைக்கிற கறியை நானே துப்பினன். இவரும் உப்பில்லாமல்தான் திண்டவர். "நீங்கள் போட்டுச் சாப்பிடுங்கோவன், உங்களுக்கென்ன வருத்தம்" எண்டால், "இது காணும்" எண்டுவார். அந்தக் "காணும்" எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. கோவில் வழியில காட்டாத பாசத்தைக் கறிச்சட்டிக்குள்ள காட்டி என்ன பிரியோசனம் எண்டு நினைப்பன். வாய்விட்டுக் கேக்கேல்லை. கேட்டால் அவர் ஒரு சொல்லுச் சொல்லுவார், அது பிழையான சொல்லா இருந்தால் பிறகு என்ன செய்யிறது எண்டு எனக்குப் பயம்.

தாகம் எண்டது என்னெண்டு அப்பதான் அறிஞ்சன். பின்னேரம் சோளகக் காத்து வீச, கதிரையில கண் அயரும். நித்திரையும் இல்லை, முழிப்பும் இல்லை. அப்ப தண்ணி வரும். வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு பாலாவி மெல்ல மெல்ல வீட்டு முத்தத்துக்குள்ள வரும். தாமரை இலையளும் சேர்ந்து வரும். படியில ஏறும், விறாந்தையில ஏறும், என்ர வீங்கின காலைச் சுத்திக் குளிரா நிக்கும். கதிரை லேசா மிதக்கத் தொடங்கும். அலுமாரி மிதக்கும். கொடியில கிடந்த இவற்ற வேட்டி மிதந்து போகும். எல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். எனக்கு ஒரு பயமும் இராது. குனிஞ்சு ஒரு கை அள்ளுவம் எண்டால் மட்டும் கை போகாது. அந்த நேரம் இவர் முழங்காலளவு தண்ணிக்குள்ளால, தோளில குடத்தோட, என்னைப் பாக்காமல் நடந்து போவார். கூப்பிடுவன், குரல் வராது. கண்ணைத் திறந்தால் முத்தம் காய்ஞ்சு கிடக்கும். பக்கத்துக் கதிரையில இவர் வாயைத் திறந்துகொண்டு நித்திரையா இருப்பார். மடியில என்ர தண்ணிப் போத்தல். நான் கூடக் குடிச்சுப்போடாமல் காவல்.

கேதீஸ்வரம் ரெயில்வே ஸ்டேசனில ஏறிக் கொழும்புக்குப் போனம். ஒரே மகள் வெள்ளவத்தையில இருக்கிறாள். அவள்தான் அங்க நெஞ்சு டொக்டர் ஒராளிட்டைக் காட்ட ஒழுங்கு செய்தவள். டொக்டர் ஒரு சிங்களப் பொம்பிளை. மெலிஞ்ச ஆள், மெல்லிய குரல். தமிழ் கொஞ்சம் தெரியும், மிச்சத்தை மகள் சொன்னாள். மேசையில பிளாஸ்டிக் இதயம் ஒண்டு இருந்தது. அதைத் திறந்து காட்டினா. உள்ளுக்கை நாலு கதவு. இடப்பக்கக் கதவு ஒண்டு சரியாப் பூட்டுப்படாமல் ரத்தம் சுவாசப்பைப் பக்கம் திரும்பிப் போகுதாம், அதாலதான் மூச்சு முட்டுது. அந்தப் பாரத்தில வலப்பக்கக் கதவும் இழுபட்டு ஒழுகுதாம், அதாலதான் கால் வீக்கமும் வயிறு ஊதினதும்.

"துருசுப் பலகை" எண்டார் இவர்.

குளத்திலயிருந்து வாய்க்காலுக்குத் தண்ணி விடுற கதவை நாங்கள் துருசு எண்டுவம். பலகை சரியா இறங்காட்டி, பூட்டினாலும் தண்ணி போய்க்கொண்டே இருக்கும். மகள் அதைச் சிங்களத்தில சொல்ல, டொக்டர் தலையாட்டினா. முந்தியெண்டால் நெஞ்சைப் பிளந்துதான் தைப்பினமாம். என்ர வயசுக்கும் சீனி வருத்தத்துக்கும் அது தாங்காது. இப்ப வேற வழி இருக்கு எண்டா. தொடைச் சந்து நரம்புக்குள்ளால மெல்லிய குழாய் ஒண்டை இதயமட்டும் கொண்டுபோய், ஒழுகிற கதவின்ர ரெண்டு விளிம்பையும் நடுவில சேர்த்து ஒரு கிளிப் போட்டு விடுவினம். உடுப்புக் காயப்போடுற கிளிப் மாதிரித்தான், ஆனால் விரல் நுனியிலும் சின்னன். நெஞ்சு வெட்டுப்படாது. இதயம் தன்ர பாட்டில அடிச்சுக்கொண்டிருக்கும். தொண்டைக்குள்ளால இன்னொரு குழாய் இறக்கி அதால படம் பாத்துப் பாத்துச் செய்வினம். முதல் இடப்பக்கம். எல்லாம் சரியா வந்தால் அந்தப் படுக்கையிலேயே வலப்பக்கமும்.

"செய்யாட்டில்?" எண்டு மகள் கேட்டாள்.

செய்யாட்டில் தண்ணி திரும்பத் திரும்பக் கட்டுமாம். ஒவ்வொரு முறையும் எழும்பி வாறது கஸ்டமாகிக்கொண்டு போகும். ஒரு முறை எழும்ப மாட்டன். டொக்டர் அதை மெதுவாத்தான் சொன்னா. செய்தாலும் ஆபத்து இல்லாமலில்லை எண்டும் ஒளிக்காமல் சொன்னா.

நான் கேட்டன், "செய்தால் அடுத்த சிவராத்திரிக்குக் குடம் தூக்கலாமோ?"

"அம்மா, முதல் உயிரைக் கேளுங்கோ" எண்டு மகள் பல்லைக் கடிச்சாள். எனக்கு உயிரும் குடமும் அப்ப ஒண்டாத்தான் கிடந்தது. பாதி வழியில வைச்ச ஆளாச் சாகக் கூடாது. இவருக்குப் பின்னால நடந்து, இவருக்கு முன்னால ஊத்திக் காட்டவேணும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. டொக்டர் சிரிச்சுப்போட்டுத் தமிழிலேயே சொன்னா, "சின்னக் குடம், அம்மா. எல்லாம் நல்லாப் போனால்." இவர் நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தார்.

இனிச் சொல்லப்போறது என்ர விசர்க் கூத்து. செய்யிற நாள் காலமை வெறுவயித்தோட வரவேணும் எண்டு சொல்லி விட்டவை. வெறுவயிறு எண்டால் எங்கட ஆக்களுக்கு விரதம். விரதத்தை ஆராவது காலமைதான் தொடங்குவினமோ? ஒரு நல்ல காரியத்துக்கு முதல் அரைகுறை விரதம் பிடிக்கிற வழக்கம் என்னட்டை இல்லை. சிவராத்திரிக்குப் பச்சைத்தண்ணியும் பல்லில படாமல் இருக்கிறவள் நான். கேதீஸ்வரநாதருக்கு மனசுக்குள்ள நேந்துகொண்டு, சில நாள் முந்தியே தொடங்கிப்போட்டன். சொன்னால் விடமாட்டினம் எண்டு தெரியும். மகள் வேலைக்குப் போய், இவர் கண் அயர்ந்தாப்பிறகு சோத்தை மேல்மாடிச் சுவரில காகத்துக்கு வைச்சன். போத்தல் தண்ணியை அவளின்ர கறிவேப்பிலைச் சாடிக்கு ஊத்தினன். குளிசையளை மட்டும் ஒழுங்கா எச்சிலோட விழுங்கினன். போத்தல் முடியிறதைப் பாத்து இவருக்குச் சந்தோசம். "இண்டைக்கு அளவாக் குடிச்சிருக்கிறீர்" எண்டார். கறிவேப்பிலை நல்லாத் துளிர்த்தது.

எனக்கு உடம்பு லேசாப் போச்சுது. காத்தில நடக்கிற மாதிரி இருந்தது. வெள்ளவத்தைக் கடல் சுவரைத் தாண்டி அறைக்குள்ள வந்து நிண்டது. அருள் கிடைச்சுப்போட்டுது எண்டுதான் நான் நம்பினன்.

ஆசுப்பத்திரியில கட்டிலால இறங்கப் போக, நிலம் பிரண்டுது. தாதிப்பிள்ளை பிடிச்சுப்போட்டாள். பிறசர் கீழ போயிட்டுது. ரத்தம் எடுத்துப் பாத்தால் சிறுநீரகம் சுருண்டுபோய்க் கிடக்குதாம். மூத்திரக் குளிசை இருக்கிற தண்ணியையெல்லாம் இறைக்க, நான் ஒரு சொட்டும் உள்ளுக்கு விடேல்லை. இந்த நிலையில செய்யேலாது எண்டு தள்ளி வைச்சிட்டினம். வெண்ணெய் திரண்டு வரேக்க தாழி உடைஞ்ச கதை.

டொக்டர் வந்து கட்டில் விளிம்பில இருந்தா. "ஆர் அம்மாவை விரதம் இருக்கச் சொன்னது?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள்" எண்டன்.

அவ ஏசேல்லை. தன்ர நெத்தியைத் தடவினா. மகள்தான் அழுதுகொண்டு ஏசினாள். அவளின்ர ஏச்சு எனக்குப் பழக்கம், என்ர வாய்தானே அவளுக்கும். ஆனால் கால்மாட்டில நிண்ட இவர் திடீரெண்டு சத்தம் போட்டார்.

"உமக்கு அப்பிடி என்ன அவசரம்? கேதீஸ்வரநாதரை நேர போய்ப் பாக்கிற எண்ணமோ?"

வார்ட் முழுக்கத் திரும்பிப் பாத்தது. எங்கட கலியாணம் முடிஞ்ச நாளிலயிருந்து அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அவற்ற கை கட்டில் கம்பியை விடேல்லை. எனக்கு அது கோபமாத்தான் விளங்கிச்சுது. ஒரு குடத்தைக் கீழ வைக்காத ஆள் என்னை ஏச வந்திட்டார் எண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டன். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு எண்டது என்னைப் பாத்துச் சொன்ன கதைதான்.

சேலைன் ஏத்தி, கஞ்சி குடிக்க வைச்சு, சிறுநீரகம் தெளிஞ்சு வருமட்டும் மகள் வீட்டில கிடந்தம். இவர் போத்தலை இனி என்னட்டைத் தாறேல்லை. தானே ஊத்தித் தந்து, நான் விழுங்குமட்டும் தொண்டையைப் பாத்துக்கொண்டு நிப்பார். மாடு தண்ணி குடிக்கிறதைப் பாக்கிற மாதிரி.

ரெண்டாம் முறை போகேக்க சொன்னபடி மட்டும் செய்தன். தள்ளுவண்டிலில கொண்டுபோகேக்க இவர் வாசல்மட்டும் கூட வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவு சாத்துப்பட்டுது.

உள்ளுக்கை சரியான குளிர். தலைக்கு மேல பெரிய வெளிச்சம். முகமூடி போட்ட கண்ணுகள் குனிஞ்சு பாத்தது. கையில ஊசி ஏறினதும், ஒராள் "அம்மா, ஊரை நினையுங்கோ" எண்டு சொன்ன மாதிரி இருந்தது. சொன்னதோ, நான் நினைச்சதோ தெரியாது.

வாய்க்கால் ஓரமா நடந்துகொண்டிருந்தன். கட்டுக்கரைத் தண்ணி ரெண்டு பக்கமும் தளும்பிக்கொண்டு போச்சுது. நெல்லுக் கதிர் தள்ள முந்தின குடலைப் பருவம், பச்சை மணம். எனக்கு முன்னால துருசு ஒண்டு, அதுக்கங்கால இன்னொண்டு. ரெண்டிலயும் தண்ணி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. தண்ணி பின்னால போறதைப் பாக்க வடிவா இருந்தது. ஆரோ தண்ணிக்குள்ள இறங்கி நிண்டு ரெண்டு பலகையையும் நடுவில சேர்த்துப் பிடிச்சினம். முகம் தெரியேல்லை. கை மட்டும் தெரிஞ்சுது. "விட்டிடாதேங்கோ" எண்டு சொன்னன். என்ர குரல் கொக்குக் கூட்டமாகி எழும்பிப் போச்சுது. பிறகு தண்ணி நிண்டுது. நிண்டு, யோசிச்சு, முன்னால போகத் தொடங்கிச்சுது. நானும் வாய்க்காலுக்குள்ள படுத்துத் தண்ணியோட போனன். வானம் மேல மேல போய்க்கொண்டிருந்தது. அப்பிடியே தலைமன்னார்க் கடலுக்குப் போய்ச் சேருவன் எண்டு நினைச்சன். சேரேல்லை. தொண்டை நொந்துது.

தொண்டை நோவோட கண்ணைத் திறந்தன். முகட்டில ஒரு காத்தாடி சுத்திச்சுது. அதையே பாத்துக்கொண்டு கிடந்தன். என்னவோ மாறிக் கிடக்குது எண்டு தெரிஞ்சுது, என்ன எண்டு பிடிபடேல்லை. காலை மடக்க வேண்டாம், நேராப் படுங்கோ எண்டு தாதிப்பிள்ளை வந்து சொன்னாள். அப்பதான் விளங்கிச்சுது. நான் நேராப் படுத்திருக்கிறன். ஒரு தலகணியோட, முதுகு கட்டிலில பட, முகட்டைப் பாத்துக்கொண்டு. மூச்சு வந்து போய்க்கொண்டிருக்குது. நெஞ்சில ஒருத்தரும் ஏறியிருக்கேல்லை. கண்ணீர் ரெண்டு பக்கமும் வழிஞ்சு காதுக்குள்ள போச்சுது. இருந்தபடி அழுதால் கன்னத்தாலதானே வழியும். காதுக்குள்ள கண்ணீர் போய்க் கனகாலம்.

பின்னேரம் டொக்டர் வந்தா. இடப்பக்கம் வடிவாப் பூட்டுப்பட்டிட்டுதாம். வலப்பக்கத்துக்கும் கிளிப் போட்டாச்சு, ஒழுக்கு நல்லாக் குறைஞ்சிட்டுது, ஆனால் கொஞ்சம் இருக்கு.

"முழுசா அடைக்கேல்லையோ?" எண்டு கேட்டன். மகள் என்ர கையைக் கிள்ளினாள்.

இன்னும் இறுக்கினால் கதவு ஒடுங்கி ரத்தம் போக வழியில்லாமல் போயிடுமாம். இந்தளவோட விடுறதுதான் நல்லது எண்டா. எனக்கு மனம் ஆறேல்லை. இவ்வளவு பாடுபட்டும் ஒழுகிற நெஞ்சோடயோ வீட்டை போறது எண்டு முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு கிடந்தன்.

டொக்டர் போனாப்பிறகு இவர் சொன்னார், "கொஞ்சம் கசியாத துருசு எங்க இருக்கு. எங்கட வயல் விளையேல்லையோ?"

இவர் அவ்வளவு நீளமாக் கதைச்சது எனக்கே ஆச்சரியம். பதிலுக்கு ஏதாவது சொல்லுவம் எண்டு பாத்தன், நித்திரை வந்திட்டுது.

ஊருக்கு வந்து முதல் வேலையாக் கட்டிலில விழுந்து படுத்தன். இவர் தன்ர மரக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்ப அலுமாரிக்குப் பக்கத்தில வைச்சார். கால் வத்திச்சுது, செருப்பு ஏறிச்சுது. முதல் முத்தமட்டும் நடந்தன், பிறகு படலைமட்டும், பிறகு வயல் வரம்புமட்டும். இவர் எப்பவும் ரெண்டு அடி பின்னால வருவார். நான் நிண்டால் நிப்பார். "என்ன, ஆடு மேய்க்கிறியளோ?" எண்டு கேட்டால் வேலியைப் பாப்பார். ரத்தம் கட்டாமல் இருக்கிறதுக்கு ஒரு குளிசை தந்தவை, அதை மறக்காமல் எடுத்துத் தாறதும் அவர்தான். இவ்வளவும் செய்யிற மனுசன் அண்டைக்கு ஏன் அப்பிடிப் போனவர் எண்டதுதான் எனக்குள்ள முள்ளா நிண்டது. கடைசியாக் கிளினிக்குக்குப் போகேக்க டொக்டர், கூட்டத்தில இடிபடாமல் சின்னக் குடம் எண்டால் தூக்கலாம் எண்டு விட்டா.

சிவராத்திரி வந்தது. பெரிய பித்தளைக் குடத்தை நான் எடுக்க, இவர் அதைப் பறிச்சு வைச்சுப்போட்டுக் குழந்தைப்பிள்ளையள் தூக்கிற அளவில ஒண்டை நீட்டினார். "உதில ஊத்தினால் சுவாமிக்குத் தலையும் நனையாது" எண்டன். "நனையிற அளவு நனையட்டும்" எண்டார். இந்த முறை விரதமும் டொக்டர் விட்ட விரதம்தான், பாலும் பழமும் குளிசையும்.

பாலாவியில இறங்கினம். தண்ணி காலைச் சுத்தினபோது, விறாந்தையில கனவு கண்ட அதே குளிர். குனிஞ்சு அள்ளினன், கை போச்சுது. குடம் நிறைஞ்சுது. இவர் தன்ர பெரிய குடத்தைத் தோளில வைச்சார். "நீர் முன்னால போம்" எண்டார். நான் முன்னால, அவர் பின்னால.

நடந்தன். சனம் சிவ சிவா எண்டு சொல்லிக்கொண்டு போச்சுது. வெய்யில் பட்டுக் குடங்கள் மினுங்கிச்சுது. மூச்சு தன்ர பாட்டில வந்து போச்சுது. நான் அதைக் கவனிச்சுக் கவனிச்சு நடந்தன், பிறகு கவனிக்க மறந்து நடந்தன். தூரத்தில கோபுரம் தண்ணிக்குள்ள தெரியிற மாதிரி அசைஞ்சுது. போன வருசத்து வேம்படி வந்தது. அதைத் தாண்டிப்போட்டன் எண்டு நினைக்க, உள்ளங்காலில சுரீரெண்டு ஏறிச்சுது. நெருஞ்சி முள்ளு. நிண்டன். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, குடத்தை இடுப்போட அமத்திக்கொண்டு, கண்ணை மூடிப் பல்லைக் கடிச்சன்.

பின்னால பித்தளை நிலத்தில பட்ட சத்தம் கேட்டது.

கண்ணைத் திறக்க முதலே இவற்ற கை ரெண்டும் என்ர தோளைப் பிடிச்சிட்டுது. "மூச்சை விடும். இஞ்சேர், மெல்ல மூச்சை விடும். நான் பிடிச்சிருக்கிறன்." முகம் சாம்பல் நிறமாக் கிடந்தது. அவருக்குப் பின்னால, வழிக்கு நடுவில, நிலத்தில குடம். விளிம்பால தண்ணி தளும்பி மண்ணில ஊறிக்கொண்டிருந்தது.

"குடத்தை வைச்சுப்போட்டியள்" எண்டன்.

"குடம் கிடக்கட்டும். மூச்சை விடும்."

"எனக்கு மூச்சுக்கு ஒண்டுமில்லையப்பா. காலில முள்ளு."

அவருக்கு அது ஏற நேரமெடுத்தது. பிறகு அப்பிடியே அந்த வழியில, சனத்துக்கு நடுவில குந்தி, என்ர காலைத் தூக்கித் தன்ர முழங்காலில வைச்சார். முள்ளைத் தேடினார். ரெண்டு முறை தடவினாப்பிறகுதான் பிடிபட்டுது. எடுத்தாப்பிறகும் ரத்தம் நிக்கேல்லை, அந்தக் குளிசையின்ர வேலை. தோளில கிடந்த சால்வையை எடுத்து அமத்திப் பிடிச்சுக்கொண்டு, முகத்தை நிமிர்த்தாமல் சொன்னார்.

"போன முறை உம்மட குடம் நிலத்தில பட்டிட்டுது. என்ரதும் பட்டால் உமக்கு ஏதும் வந்திடுமெண்டு பயந்துபோனன். ஒண்டாவது போய்ச் சேரவேணும் எண்டுதான் நிக்காமல் போனனான். ஊத்தேக்க உம்மட பேரைத்தான் சொன்னனான்."

ஒரு வருசம் நான் அந்தச் சொல்லுக்குத்தான் காத்துக் கிடந்தன். வந்தாப்பிறகு அழுகைதான் வந்தது, கோபக்காரிக்கு.

"அப்ப இந்த முறை?" எண்டு கேட்டன்.

"இந்த முறை ஒண்டும் யோசிக்கேல்லை" எண்டார்.

ரத்தம் நிண்டாப்பிறகு எழும்பினார். "கையை வையுங்கோ" எண்டன். என்ர சின்னக் குடத்துக்குக் கீழ அவற்ற கை, அதுக்கு மேல என்ர கை. ரெண்டுபேரும் ஒரே நடையா நடந்தம். நான் நொண்டினதால அவரும் நொண்டினார். அவற்ற பெரிய குடம் வழியில வைச்ச இடத்திலேயே நிண்டது, சனம் அதைச் சுத்திச் சுத்திப் போச்சுது. அவர் அதைத் திரும்பியும் பாக்கேல்லை.